ஃபெட் சிமுலேஷன்கள்: ஒரு இயற்பியல் டியூஷன் டீச்சரின் மதிப்பீடு

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை, இயற்பியல் மட்டும். ஒரு பேட்சுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரு கரும்பலகை, ஒரு பழைய லேப்டாப். புதிதாக டியூஷன் ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் "எந்த ஆப் வாங்கலாம், எந்த வீடியோ பேக் வாங்கலாம்" என்று கேட்பதுண்டு. காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன்னால் ஃபெட் (PhET) என்ற இலவச இணையதளத்தைத் திறந்து பாருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன், எங்கே அது போதாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் ஃபெட். போஸ்-ஐன்ஸ்டீன் செறிவு என்ற அணு இயற்பியல் ஆய்வுக்காக 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அவ்வளவு பெரிய ஆய்வு செய்த மனிதர் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் ஏன் புரியாமல் போகிறது என்று உட்கார்ந்து யோசித்தார் என்பதே எனக்கு அவர்மேல் மரியாதை வரக் காரணம். இணையதளத்தில் இருப்பவை வீடியோக்கள் அல்ல, நாமே இழுத்து, தள்ளி, மாற்றிப் பார்க்கக்கூடிய சிமுலேஷன்கள். இயற்பியலோடு தொடங்கி இப்போது வேதியியல், கணிதம், உயிரியல் எல்லாம் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. எல்லாமே தமிழில் இல்லை, ஆனால் பள்ளிப் பாடத்துக்கு வேண்டியவற்றில் சில இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் அதிகம் திறப்பது மின்சுற்று அமைக்கும் சிமுலேஷன், நேர்மின்னோட்டத்துக்கானது. பேட்டரி, கம்பி, பல்பு, மின்தடை, சுவிட்ச் எல்லாம் ஓரத்தில் இருக்கும். இழுத்து வந்து முனையோடு முனை சேர்த்தால் சுற்று தயார்.

இதைத் திறப்பதற்கு முன்னால் கரும்பலகையில் ஒரு பேட்டரியும் தொடரிணைப்பில் இரண்டு பல்புகளும் வரைவேன். "முதல் பல்புக்கு முன்னால் மின்னோட்டம் எவ்வளவு, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு? எது அதிகம், எது குறைவு என்று நோட்டில் எழுதுங்கள்" என்பேன். ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பிள்ளைகள்தான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பேட்சில் பாதிக்கு மேல் முதல் பல்புக்கு முன்னால் அதிகம், கடைசியில் குறைவு என்றே எழுதுகிறார்கள். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம் மனத்தின் அடியில் இருக்கிறது. பரீட்சையில் அது வெளியே வராது, ஏனென்றால் பரீட்சையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எழுதி முடித்த பிறகு லேப்டாப்பைத் திருப்புவேன். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு இரண்டு. ஒரு பிள்ளையை அழைத்து அம்மீட்டரைச் சுற்றில் சேர்க்கச் சொல்வேன். முன்னால் 0.45 ஆம்பியர். நடுவில் 0.45. கடைசியிலும் 0.45. போன வருடம் ஒரு பையன் "மிஸ், மீட்டர் சரியில்லை" என்றான். சரி, வேறொன்றை எடுத்துப் போடு என்றேன். போட்டான், அதே எண். அப்புறம் அவனாகவே எலக்ட்ரான்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது சுத்தி சுத்தி வருது மிஸ், எங்கேயும் தீரலை" என்றான். அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் அவன் நோட்டில் எழுதியிருப்பான், அவ்வளவுதான். அவனே சொன்னதால் அடுத்த கேள்விக்குத் தயாராகிவிட்டான்: மின்னோட்டம் குறையவில்லை என்றால் பல்பில் செலவாவது எது? அங்கிருந்து மின்னழுத்த வேறுபாட்டுக்கும் ஆற்றலுக்கும் போவது எளிது. வோல்ட்மீட்டரை ஒவ்வொரு பல்பிலும் வைத்தால் 4.5, 4.5 என்று பிரிந்து காட்டும்.

பிறகு அதே இரண்டு பல்புகளைப் பக்க இணைப்புக்கு மாற்றச் சொல்வேன். ஒவ்வொன்றிலும் 0.9 ஆம்பியர், பேட்டரியிலிருந்து 1.8. பல்புகளின் வெளிச்சம் கூடுவது கண்ணுக்கே தெரியும். தொடரிணைப்பில் ஒவ்வொரு பல்பின் திறன் சுமார் 2 வாட், இங்கே 8.1 வாட், நான்கு மடங்கு. இந்தக் கணக்கை அவர்கள் போட்டுப் பார்த்த பிறகு வீட்டில் ஏன் எல்லாவற்றையும் பக்க இணைப்பில் இணைக்கிறார்கள் என்ற கேள்விக்கு மனப்பாடம் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. படத்தில் எலக்ட்ரான்கள் ஓடும் வேகத்தை உண்மை வேகம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பியில் எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவு. சுவிட்ச் போட்டதும் விளக்கு எரிவது கம்பி முழுக்க ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதால். இதை நாம் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதே சிமுலேஷனில் நாணயம், அழிப்பான், பேப்பர் கிளிப், பென்சில் எல்லாம் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். பென்சில் மின்சாரம் கடத்துமா என்று கேட்டால் வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிடும். பென்சிலின் உள்ளே இருக்கும் கிராஃபைட் கடத்தும், ஆனால் கம்பியைப் போல அல்ல. பல்பு இல்லாமல் பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பற்றும். குறுக்குச் சுற்றைத் திரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம், கை சுடாது.

இந்தச் சிமுலேஷனைப் பற்றி 2005-இல் கொலராடோவிலேயே ஓர் ஆய்வு வந்தது. நிஜ உபகரணங்களை வைத்துப் படித்த மாணவர்களையும் இதை வைத்துப் படித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இதில் படித்தவர்கள் கருத்துக் கேள்விகளில் மட்டுமல்ல, நிஜக் கம்பியையும் பல்பையும் கையில் கொடுத்துச் சுற்று அமைக்கச் சொன்னபோதும் நன்றாகச் செய்தார்கள் என்று கண்டார்கள். ஆய்வு செய்தவர்கள் ஃபெட்டை உருவாக்கிய பல்கலைக்கழகத்தையே சேர்ந்தவர்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டும். என் டியூஷனில் நான் இரண்டையும் விடுவதில்லை. திரையில் முடித்த மறுநாள் டார்ச் பல்பும் கம்பியும் ஒரு மலிவான மல்டிமீட்டரும் மேசைக்கு வந்துவிடும். நிஜத்தில் முனை சரியாகத் தொடாது, பேட்டரி இறங்கியிருக்கும், எண்கள் கொஞ்சம் தள்ளி வரும். அந்தத் தள்ளல் ஏன் என்று கேட்பதும் இயற்பியல்தான்.

அடுத்து விசையும் இயக்கமும். பிளஸ் ஒன்னில் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இங்கேதான். நியூட்டனின் முதல் விதியை வரி பிசகாமல் சொல்வார்கள். "தள்ளுவதை நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டால் "நின்றுவிடும்" என்பார்கள். விசை இருந்தால்தான் இயக்கம் என்று நினைப்பது நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டுமல்ல. டேவிட் ஹெஸ்டெனஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1992-இல் விசை பற்றிய எளிய கேள்விகள் அடங்கிய ஒரு தேர்வை வெளியிட்டார்கள். கணக்கு நன்றாகப் போடும் கல்லூரி மாணவர்களும் அதில் சறுக்கினார்கள். அன்றாட வாழ்க்கையில் உராய்வு எங்கும் இருப்பதால் இந்த நினைப்பு இயல்பாகவே வந்துவிடுகிறது. அதனால் இதை மறுப்பதற்கு உராய்வே இல்லாத இடம் ஒன்று வேண்டும். அதை ஒரு டியூஷன் வீட்டில் எங்கே கொண்டுவருவது?

ஃபெட்டில் அது இருக்கிறது. உராய்வில்லாத ஸ்கேட் பலகை மேல் 50 கிலோ பெட்டி. 50 நியூட்டன் விசை கொடுத்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும். விசையைச் சுழியம் ஆக்கினால் வேகமானியின் முள் அப்படியே நிற்கும், பெட்டி போய்க்கொண்டே இருக்கும். இங்கேயும் முதலில் நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் பார்க்க வேண்டும்.

முடுக்கம் என்ற திரையில் ஒரு தண்ணீர் வாளி வைத்திருக்கிறார்கள். இதை எத்தனை டீச்சர்கள் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை, எனக்கு ஃபெட்டில் மிகவும் பிடித்த சின்ன விஷயம் இதுதான். வாளியை நகர்த்தும்போது முடுக்கம் இருக்கும்வரை தண்ணீரின் மேற்பரப்பு பின்பக்கம் உயர்ந்து சாய்ந்திருக்கும். உராய்வை எடுத்துவிட்டு விசையையும் நிறுத்தினால் வாளி வேகமாகப் போய்க்கொண்டிருந்தாலும் தண்ணீர் மட்டமாகிவிடும். வேகம் அதிகம், ஆனால் முடுக்கம் சுழியம். திசைவேகத்துக்கும் முடுக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதிப்போட்டாலும் இந்த அளவுக்குப் பதியாது. ஜங்ஷன் பஸ்ஸில் பாதித் தண்ணீர் இருக்கும் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள், பஸ் கிளம்பும்போதும் சீராக ஓடும்போதும் பிரேக் போடும்போதும் என்ன நடக்கிறது என்று எழுதி வாருங்கள் என்பது அன்றைய வீட்டுப்பாடம். இதை மட்டும் எல்லோரும் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள்.

எறிபொருள் இயக்கத்துக்கு ஒரு பீரங்கி. குண்டு, கால்ஃப் பந்து, பூசணிக்காய், பியானோ என்று எதை வேண்டுமானாலும் சுடலாம். பிள்ளைகள் பியானோவைச் சுட்டுவிட்டுச் சிரித்து முடிக்கட்டும், இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு கேளுங்கள்: உச்சியில் முடுக்கம் எவ்வளவு? "சுழியம்" என்று உடனே பதில் வரும். முடுக்க வெக்டரைக் காட்டச் சொல்லி மெதுவாக ஓடவிட்டால் மேலே போகும்போதும் உச்சியிலும் கீழே வரும்போதும் அந்த அம்பு ஒரே நீளத்தில், கீழ்நோக்கியே இருக்கும். உச்சியில் சுழியமாவது திசைவேகத்தின் செங்குத்துக் கூறு மட்டும்.

30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் கிடைத்தள நெடுக்கம், அதாவது குண்டு போய் விழும் தூரம், சமம் என்பதை இதில் காட்ட நினைத்தால் பீரங்கியின் உயரத்தை முதலில் 0 மீட்டருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். உயரத்தில் வைத்துச் சுட்டால் சமமாக வராது. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் இரண்டுமே சுமார் 20 மீட்டரில் விழும், 45 டிகிரியில் சுமார் 23 மீட்டர். சூத்திரத்தில் போட்டுப் பார்த்தாலும் அதுதான். காற்றுத் தடையைச் சேர்த்துவிட்டு, இப்போது அதிக தூரம் போக எந்தக் கோணம் வேண்டும் என்று தேடச் சொன்னால் அது 45-க்குக் கீழே இறங்கிவிடும். புத்தகத்தின் சூத்திரம் எந்த நிபந்தனையில் உண்மை என்று கேட்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

தனி ஊசல், சுருள்வில்லில் நிறை, கயிற்றில் அலை, ஸ்கேட் பூங்காவில் ஆற்றல் மாற்றம் எல்லாமே நன்றாக இருக்கின்றன. கயிற்றில் அலை பற்றி மட்டும் ஒரு வார்த்தை: முனையைக் கட்டினால் துடிப்பு தலைகீழாகத் திரும்பும், தளர விட்டால் அப்படியே திரும்பும். இதைக் கரும்பலகையில் வரைந்து புரியவைக்க முடியாது என்று நான் முன்பே முடிவு செய்துவிட்டேன், நேராகத் திரைதான்.

இனி, எது போதாது என்பது.

ஃபெட் தானாகப் பாடம் நடத்தாது. பாடம் கிடையாது, டெஸ்ட் கிடையாது, மார்க் போடாது, பெற்றோருக்கு ரிப்போர்ட் அனுப்பாது. அதற்காகவே சில பெற்றோர் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். பிள்ளையிடம் வீட்டில் திறந்து கொடுத்துவிட்டு "படி" என்று சொன்னால் அது விளையாட்டாகத்தான் முடியும். கேள்வி இல்லாமல் திறக்கும்போது அவன் பியானோவைச் சுட்டுவிட்டு மூடிவிடுவான், அதில் அவன் தவறு ஒன்றுமில்லை. கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். முன்கூட்டியே பதிலை எழுத வைக்க ஒருவர் வேண்டும். எழுதாமல் பார்த்தால் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று பிள்ளை தன்னையே நம்பவைத்துக்கொள்கிறது. எழுதிவிட்டுப் பார்த்தால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. டியூஷன் டீச்சர் என்ற வேலை இருப்பது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது, கை வேலை. மெல்லிய கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியின் சுழிப்பிழையைத் திரையில் கற்றுக்கொள்ள முடியாது. ராட்செட்டை எவ்வளவு திருகினால் போதும் என்பது விரலுக்குத்தான் தெரிய வேண்டும். தனி ஊசலில் 20 அலைவுகளை எண்ணி, நேரத்தை 20-ஆல் வகுப்பது ஏன் என்பது ஸ்டாப் வாட்ச்சை அழுத்தும் கை தடுமாறும்போதுதான் புரியும். சிமுலேஷனில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. இயற்பியலில் முப்பது மார்க் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் போகிறது, அதற்கு ஆய்வகத்தில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, போன். சின்னத் திரையில் மின்சுற்றின் முனைகளைச் சேர்ப்பது கஷ்டம். எறிபொருளும் ஊசலும் போனில் பரவாயில்லை. லேப்டாப்போ டேப்லெட்டோ இருந்தால் நல்லது. ஜாவாவில் எழுதப்பட்ட பழைய சிமுலேஷன்கள் சில போனில் ஓடாது, புதிய வடிவில் இருப்பவற்றையே தேர்ந்தெடுங்கள்.

"இதனால் மார்க் வருமா மிஸ்?" என்று ஒரு அம்மா நேராகவே கேட்டார்கள். நியாயமான கேள்வி, ஃபீஸ் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். நான் சொன்னது இதுதான்: புக் பேக் கேள்விகளுக்கும் தேற்றம் வருவிப்பதற்கும் இது நேராக உதவாது. அதற்குப் பேனா எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும், நானும் எழுத வைக்கிறேன். ஆனால் காரணம் கேட்கும் கேள்விகள், புத்தகத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒன் வேர்டு, நீட்டில் சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்விகள், இவற்றில் வித்தியாசம் தெரிகிறது. கணக்கில் விடை தப்பாக வந்தால் "இப்படி இருக்க முடியாதே" என்று பிள்ளையே நிறுத்துகிறது. எனக்கு அது மார்க்கைவிடப் பெரிய விஷயம்.

என்னிடம் போன வருடம் ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து, பிள்ளை ஒன்றுக்கு வருடச் சந்தா என்று ஒரு பேக்கேஜை விளக்கினார். அழகான வீடியோக்கள், பின்னணி இசை, விண்வெளி எல்லாம் இருந்தன. பிள்ளை கையை வைத்து மாற்றிப் பார்க்க ஒரே ஓர் இடம் காட்டுங்கள் என்றேன். இல்லை. வீடியோவில் கோணத்தை மாற்ற முடியாது, தப்பாகச் சுற்றை இணைக்க முடியாது. தப்பு செய்து பார்க்க இடம் கொடுக்காத எதையும் நான் இயற்பியலுக்கு வாங்கமாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஒரு வகுப்புக்கு ஒரே சிமுலேஷன், அதிலும் இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். லேப்டாப் ஒன்றுதான் என்றால் மவுஸை நீங்கள் பிடிக்காதீர்கள். அதிகம் பேசாத பிள்ளையிடம் கொடுங்கள், மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும். ஒன்பதாம் வகுப்பென்றால் மின்சுற்றோடும், விசை சிமுலேஷனில் இருக்கும் கயிறு இழுக்கும் போட்டியோடும் தொடங்கலாம். பிளஸ் ஒன்னுக்கு முதல் வாரமே தண்ணீர் வாளி. எறிபொருளை வெக்டர் பாடம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் காட்டினால் அம்புகள் வெறும் அலங்காரமாகத் தெரியும்.

இன்டர்நெட் இல்லையென்றும் கவலை வேண்டாம். புதிய சிமுலேஷன்களை ஒவ்வொன்றாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், பிரவுசரில் அப்படியே ஓடும். கரண்ட் போன மாலைகளில் லேப்டாப் பேட்டரியில் எத்தனையோ வகுப்புகள் நடத்தியிருக்கிறேன். வகுப்பில் பயன்படுத்தவும் மற்றவர்களோடு பகிரவும் அனுமதி இருப்பதால், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் பென் டிரைவ் கொண்டுவந்தால் ஏற்றிக் கொடுக்கிறேன். கூடவே ஒரு தாளில் அந்த வாரத்துக்கான இரண்டு கேள்விகளும், விடையை முதலில் எழுதுவதற்கான கட்டமும்.